ஸ்பிரிங்கில் வைத்த சந்தனம்

அந்த ஆயுத பூஜைக்கு எங்கள் ஷெட்டில் இருந்தவர்கள் அம்மா, அக்கா, நான், பிளாட்லாக் மெஷின் ஓட்டும் அண்ணாச்சி. இல்லாதவர் அப்பா. அவருடைய எண்ணெய் கேனை அக்கா பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அந்தக் கோபத்தில் குண்டடத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய்விட்டார். பஸ் ஏறிய பிறகுதான் எனக்குப் போன் செய்தார். "உங்கத்தைக்குக் காலு வலியாமா. பாத்துப்போட்டு வாறேன்" என்றார். அத்தைக்குக் கால் வலி வருடம் முழுக்க உண்டு. இதற்கு முன் அப்பா அதைப் பார்க்கப் போனதில்லை.

ஷெட் என்றால் மங்கலம் ரோட்டில், ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீள அறை. வாடகைக்கு எடுத்தது. அதில் ஐந்து தையல் மெஷின்கள். மூன்று ஓவர்லாக், துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைப்பவை. இரண்டு பிளாட்லாக், கீழ் விளிம்பை மடித்துத் தட்டையாகத் தைப்பவை. ஐந்தும் பழைய மெஷின்கள். அக்காவின் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த நகையை விற்று வாங்கியவை. "கல்யாணம் ஓடியா போவுது? மொதல்ல மெஷின்" என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். அப்பா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். சித்திரைக்குள் ஏதாவது ஒரு கம்பெனி நிலையாக வேலை தர வேண்டும். தராவிட்டால் மெஷின்களை விற்றுவிட்டு அவள் பழையபடி கம்பெனிக்குத் தைக்கப் போக வேண்டும், கல்யாணப் பேச்சையும் எடுக்க வேண்டும்.

அக்கா எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். பனியன் மடிக்கும் வேலைக்குப் போய் அவள் வாங்கிய சம்பளத்தில்தான் என் டிப்ளமாவுக்கு பீஸ் கட்டினார்கள். எங்கள் வகையறாவில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். கம்ப்ரஸர் சர்வீஸ் செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறேன். ஷெட்டில் எது ரிப்பேர் ஆனாலும் என் தலையில் விழும். அதை நான் சந்தோஷமாகத்தான் செய்வேன்.

புரட்டாசியில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனி அக்காவுக்கு ஒரு சோதனை லாட் கொடுத்தது. கைக்குழந்தைகள் போடும் பனியன், முழு வெள்ளை. வெட்டிய துணியை, அதாவது கட்டிங்கை, அவர்கள் தருவார்கள். தைத்து, பிசிர் வெட்டி, நாங்கள் கொடுக்க வேண்டும். இது பாஸ் ஆனால் மாதாமாதம் கட்டிங் வரும் என்று சொன்னார்கள். மெஷின் வாங்கிய நாளிலிருந்து அக்கா காத்திருந்தது இந்த மாதிரி ஒரு வார்த்தைக்குத்தான்.

எண்ணெய் கேன் சண்டை அதனால் வந்தது. அப்பா வாழ்நாள் முழுக்க விசைத்தறி ஓட்டியவர். தறிச் சத்தத்தில் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. தறி நின்ற நேரமெல்லாம் எண்ணெய் கேனை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வருவது அவர் பழக்கம். எங்கள் ஷெட்டுக்கு வந்தாலும் அதே சுற்று. கண்ணில் பட்ட ஸ்பிரிங், நட்டு, கம்பி எல்லாவற்றிலும் சொட்டுச் சொட்டாக விடுவார். முந்தைய லாட்டில் பாதி உருப்படியில் எண்ணெய்க் கறை. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கறை எடுக்கும் மருந்தை அடித்து அக்காவுக்குத் தலைவலியே வந்துவிட்டது.

"ஏனுங்கப்பா, இத்தன எண்ணெய் எதுக்குங்க?" என்று கேட்டாள்.

"எண்ணெய் உடாத மெஷின் துருப்புடிச்சுப் போயிரும் அம்மிணி. நான் தறியிலயே தலை நரைச்சவன்."

"தறித்துணி அப்பறம் சலவைக்குப் போவுதுங்க. என்ற துணி நேரா அட்டப்பொட்டிக்குப் போவுது."

இரண்டு பேரும் சொன்னது சரிதான். தறியில் நெய்த காடாத் துணியில் கறை பட்டால் யாரும் கவலைப்படுவதில்லை, அது எப்படியும் சலவைப் பட்டறைக்குப் போய்த்தான் வெளுத்து வரும். தைத்த பனியனுக்கு அப்புறம் தண்ணீரே கிடையாது. இஸ்திரி, மடிப்பு, பாலிதீன் கவர், பெட்டி, கப்பல். அப்பாவின் தொழிலில் எண்ணெய்க் கறை ஒரு குற்றமே இல்லை. அக்காவின் தொழிலில் அதைவிடப் பெரிய குற்றம் இல்லை.

கேனைப் பூட்டிய கையோடு அக்கா எங்களுக்கு உத்தரவு போட்டாள். வெள்ளை லாட் ஓடப் போகும் நான்கு மெஷின்களிலும் நூல் போகும் வழியில் ஒரு பொட்டு எண்ணெய் இருக்கக் கூடாது. மெஷினுக்கு உள்ளே இருக்கும் எண்ணெய் தொட்டி வேறு, அது மூடியிருக்கும். வெளியே, நூல் தொடும் இடங்களை மட்டும். நானும் அண்ணாச்சியும் பெட்ரோலில் துணியை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தோம். முக்கியமாக டென்ஷன் ஸ்பிரிங்குகள். மெஷினின் முகப்பில் வரிசையாகக் குமிழ்கள் இருக்கும். ஒவ்வொரு குமிழுக்குப் பின்னாலும் ஒரு சின்னச் சுருள் ஸ்பிரிங். அது இரண்டு வட்டுகளைச் சேர்த்து அழுத்தும். அந்த வட்டுகளுக்கு நடுவில்தான் நூல் ஓடுகிறது. அழுத்தம் கூடினால் நூல் அறுந்து போகும், குறைந்தால் தையல் தொளதொளவென்று வரும். துடைத்து முடித்தபோது எல்லாம் கடையில் வாங்கிய புதுசு மாதிரி மின்னின. ஐந்தாவது மெஷின், ஓரத்தில் கிடந்த கிழட்டு ஓவர்லாக், வெள்ளைக்கு ஓடப் போவதில்லை. அதை நாங்கள் தொடவில்லை.

பூஜை அன்று அம்மா பன்னீர் விட்டுச் சந்தனம் குழைத்தாள். திருப்பூரில் எந்தக் கம்பெனியிலும் அன்றைக்கு மெஷினுக்குப் பொட்டு வைப்பார்கள். எங்கே வைப்பது என்பது ஆளாளுக்கு வேறு. அம்மா நேராக டென்ஷன் குமிழ்களிடம் போனாள்.

"அது எதுக்கும்மா அங்க?" என்று அக்கா கேட்டாள்.

"இதுதானே கண்ணு மூஞ்சி? வரிசையா கண்ணு மாதர முழிச்சுட்டு நிக்குது. மூஞ்சிய உட்டுப்போட்டு முதுகுலயா வெப்பாங்க?"

ஒவ்வொரு குமிழுக்கும் தாராளமாகச் சந்தனம், மேலே குங்குமம். எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி, குமிழ் வரிசைக்கு மேலேயே ஒவ்வொரு மெஷினிலும் ஒரு மூடி வைத்தாள். பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் முறைப்படி நடந்தன. அண்ணாச்சி தேங்காய்த் துண்டைக் கடித்துத் தலையை ஆட்டிக்கொண்டே சொன்னார்: "மெஷினுக்கு இம்புட்டு அலங்காரம் நம்ம கல்யாணத்துக்குக் கூட நடக்கலியே."

பூஜை போட்ட மெஷினை விஜயதசமி வரைக்கும் தொடக் கூடாது. அந்த வருடம் அதை ஒட்டி ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. இடையில் நல்ல மழை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் சந்து வழியாகச் சாரல் உள்ளே வந்தது. திங்கட்கிழமை நல்ல நேரம் பார்த்து மெஷினை ஓட்டினோம். காய்ந்த எலுமிச்சை மூடிகளை எடுத்துக் குப்பையில் போட்டார்கள். பொட்டை யாரும் துடைக்கவில்லை. அது தானாக உதிர வேண்டும், அதுதான் வழக்கம். தையல் அழகாக வந்தது.

புதன்கிழமை காலையில் தைத்த பனியன்களின் முதல் கட்டைப் பைக்கில் வைத்துக்கொண்டு நான் கம்பெனிக்குப் போனேன். அங்கே இஸ்திரி மேஜையில் ஒரு பாய் நின்றிருந்தார். தரம் பார்க்கும் கியூசி பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். அவர் ஐந்தாறு பனியனை எடுத்துப் பாயிடம் நீட்டினார். பாய் நீராவி விட்டு அழுத்தினார். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"தம்பி, இங்க வாங்க. கொழந்தைக்கு அம்மை போட்டிருக்குது பாருங்க."

கழுத்துத் தையல், கைத் தையல், கீழ் மடிப்பு எல்லாவற்றிலும் பழுப்புப் புள்ளிகள். நான் கொண்டுவரும்போது இல்லாதவை. நீராவி பட்டதும் எழுந்து வந்திருந்தன. கியூசி பெண் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"ஆயில் இல்லீங்க. ஆயில்னா பரவும். இது தையல் மேலயே வரிசையா போகுது. துணில இருந்து வந்துதுங்களா, உங்க மெஷின்ல இருந்து வந்துதுங்களா?"

"தெரியலீங்க."

"பாத்து நாளைக்குச் சொல்லுங்க. அதுவரைக்கும் லாட் ஹோல்டுல இருக்கட்டும். துணில இருந்துன்னா வெளுத்துக் குடுத்த பட்டறைக்கு டெபிட் போடுவோம். மெஷின்னா உங்களுக்குத்தானுங்க."

ஷெட்டுக்கு வந்து நான் பனியனை அக்காவிடம் கொடுத்தேன். அவள் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். அண்ணாச்சிதான் முதலில் பேசினார்.

"துணிலதான் இருந்துச்சுன்னு சொல்லிருங்கம்மா. பட்டறக்காரனுக்கு இதெல்லாம் ஒரு காசா? நம்ம சொல்லுததுதானே? யாரு வந்து பாக்கப் போறா?"

"மொதல்ல மெஷினப் பாருடா" என்றாள் அக்கா என்னிடம்.

அண்ணாச்சி ஓட்டும் பிளாட்லாக்கில் ஒரு குமிழைக் கழற்றினேன். சந்தனம் உள்ளே வரைக்கும் வழிந்து சுண்ணாம்புப் பூச்சு மாதிரி இறுகியிருந்தது. ஸ்பிரிங்கை விரலால் உருட்டினேன். உள்ளங்கை முழுக்கச் செம்மண் நிறம்.

ஸ்பிரிங் துருப்பிடிப்பது மற்ற இரும்பு துருப்பிடிப்பது போல இல்லை. காலேஜ் லேபில் ஸ்பிரிங்கை மெஷினில் மாட்டி இழுத்து, எத்தனை எடைக்கு எவ்வளவு நீள்கிறது என்று கிராஃப் போட்டிருக்கிறேன். அங்கே இருந்த ஸ்பிரிங்குகள் எல்லாம் கண்ணாடி அலமாரியில் இருந்தவை, மழையைப் பார்க்காதவை. இங்கே கையில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. சுருளும் சுருளும் ஒன்றையொன்று ஒட்டும் இடத்தில் ஈரம் போய் உட்கார்ந்துகொள்கிறது. துணியால் மேலே துடைத்தால் அது வருவதில்லை. பெயின்ட் அடிக்கலாம் என்றால் நீண்டு சுருங்கும் பொருள் மேல் பெயின்ட் நிற்காது, செதிலாக உதிர்ந்துவிடும். மேலே பூசியிருக்கும் மெல்லிய முலாம் பழைய மெஷினில் எப்போதோ தேய்ந்து போயிருந்தது. இருந்த ஒரே காவல் எண்ணெய்ப் படலம். அதைப் பெட்ரோல் போட்டு நாங்கள் எடுத்திருந்தோம். வெறும் உடம்போடு நின்ற கம்பி மேல் ஈரச் சந்தனம், எலுமிச்சைச் சாறு, மழைச் சாரல். உதிர்ந்த துருத் தூள் வட்டுகளுக்கு நடுவில் இறங்கியது. நூல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போய்த் தையலில் வைத்தது.

நான்கு மெஷினிலும் இதே கதை. அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நல்லது நடக்கோணும்னுதானே சாமி வெச்சேன். சாமி கும்புட்டதுக்கா இப்படி?"

நான் எதற்கோ எழுந்துபோய் அந்தக் கிழட்டு ஓவர்லாக்கின் குமிழையும் கழற்றினேன். அதற்கும் அம்மா குறை வைக்கவில்லை. மற்றதைப் போலவே சந்தனம், குங்குமம், எலுமிச்சை. உள்ளே அப்பா விட்டிருந்த பழைய எண்ணெய் கறுப்பாக, பிசுபிசுவென்று அப்பியிருந்தது. துடைத்தேன். ஸ்பிரிங் வெள்ளியாக இருந்தது. துரு ஒரு புள்ளி இல்லை.

அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். முகம் தெளிந்துவிட்டது. "பாத்தியா? இதுக்கும் நாந்தான் வெச்சேன். சாமி ஒண்ணும் பண்ணுல" என்றாள். அந்த நேரத்திலும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாமி பண்ணுலம்மா. நானும் உன்ற பையனும் சேந்து பண்ணுனோம்."

மறுநாள் அக்காவே கம்பெனிக்குக் கிளம்பினாள். துருப்பிடித்த ஸ்பிரிங் ஒன்றைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டாள். அண்ணாச்சி கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அதற்கு அவள், "பட்டற மேல சொன்னா அவிய துணிய எடுத்துப் பாப்பாங்க அண்ணாச்சி. பாத்தா தெரிஞ்சிரும். அப்ப நாம துருவும் வெச்சிருக்கறவங்க, பொய்யும் சொல்றவங்க. துருவுக்காவது மருந்து இருக்குது" என்றாள்.

நான் பைக்கில் கூட்டிப் போனேன். காகிதத்தைப் பிரித்து மேஜை மேல் வைத்து நடந்ததை அப்படியே சொன்னாள், சந்தனம் உட்பட. கியூசி பெண் ஸ்பிரிங்கைப் பேனா நுனியால் தள்ளிப் பார்த்தார். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.

"எங்கூட்டு மிக்ஸிக்கும் எங்கம்மா பொட்டு வெக்கறாங்க. அத வெச்சுத் துணி தைக்கறதில்லீங்களே" என்றார். பிறகு முடிவைச் சொன்னார். தைத்ததை எல்லாம் கறை எடுக்க அனுப்ப வேண்டும், கூலி எங்களுடையது. தேறாதவற்றுக்குப் பணம் பிடிப்பார்கள். மீதி கட்டிங் இப்போது கிடையாது. நான்கு மெஷினிலும் வெள்ளை நூலால் வெள்ளைத் துணியில் ஓட்டி, நீராவி வைத்து, சனிக்கிழமை சுத்தமாகக் காட்டினால் மட்டும் மீதி வரும். அடுத்த மாதத்தைப் பற்றி அக்கா கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் அக்கா அப்பாவுக்குப் போன் போட்டாள். காது கேட்பதற்காகக் கத்திப் பேச வேண்டியிருந்ததால் ரோட்டில் போகிறவர்களுக்கும் எல்லாம் தெரிந்தது.

"அப்பா, கெளம்பி வாங்க. எண்ணெய் கேன வெளிய எடுத்து வெச்சிட்டனுங்க."

"உங்கத்தைக்குக் காலு வலி நெம்ப இருக்குதே."

"அப்ப அத்தையையும் கூட்டிட்டு வாங்க. வடக்காலத் தெருவுல ஆஸ்பத்திரி இருக்குது."

அத்தை வரவில்லை. அப்பா அடுத்த பஸ்ஸில் ஒரு பை முருங்கைக்காயோடு வந்து சேர்ந்தார். நேராகக் கிழட்டு ஓவர்லாக்கிடம் போய் ஸ்பிரிங்கைப் பார்த்தார். அவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். "இதுல ஒரு பனியன் தெச்சுக் காட்டு" என்றார். அக்கா தைத்தாள். துரு இல்லை, தையல் நெடுக எண்ணெய்க் கறுப்பு. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அவர் சொல்ல வைத்திருந்த பேச்சு அதோடு தீர்ந்துபோனது என்று நினைக்கிறேன்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இரண்டு விதமான ஸ்பிரிங் இருந்தது. சாதா எஃகு ஒன்று, துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஒன்று. ஸ்டெயின்லெஸ் எங்கள் மெஷினில் சிலதுக்குத்தான் அளவு கிடைத்தது. கிடைத்ததை எல்லாம் அதில் வாங்கினோம். மற்றதுக்குச் சாதா. வட்டுகளையும் மாற்றினோம். இனி சாதா ஸ்பிரிங்கைக் காக்க வேண்டும், வெள்ளையையும் காக்க வேண்டும். நான் சொன்ன யோசனை இதுதான். நிறமில்லாத மெல்லிய மெஷின் ஆயிலை ஸ்பிரிங்கில் நேராக விடக் கூடாது. துணியில் ஒரு சொட்டு விட்டு, அந்தத் துணியைச் சுருள்களுக்கு நடுவில் புகுத்தி ஸ்பிரிங்கை உருட்ட வேண்டும். பிறகு காய்ந்த துணியால் இன்னொரு முறை. படலம் இருக்கும், சொட்டு இருக்காது. அப்புறம் நூலைக் கோத்து வேஸ்ட் துணியில் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும், தையல் வெள்ளையாக வரும் வரைக்கும்.

அப்பாதான் உருட்டினார். விரல் அவ்வளவு பெரிதாக இருந்தும் அந்த வேலை அவருக்கு வந்தது. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏன்டா, இது எண்ணெய் போடறதா, மோந்து பாக்க உடறதா?"

"மோந்தா போதுங்கப்பா."

"படிச்சவங்க மெஷினுக்குப் பத்தியம் போடறாங்க அண்ணாச்சி" என்றார் அப்பா. அண்ணாச்சி, "பேதி நின்னா சரிதான்" என்றார்.

லீவு விடும்போது என்ன செய்வது என்பதையும் அப்போதே பேசி முடித்தோம். ஸ்பிரிங்குகளைக் கழற்றி, எண்ணெய் தடவி, பிஸ்கட் டின்னில் போட்டு மூடுவது. டின்னுக்குள் ஏற்றுமதிப் பெட்டிகளில் போடும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்கள். கம்பெனியில் தரையில் சிதறிக் கிடக்கும், பாய் ஒரு கை அள்ளிக் கொடுத்தார். எது எந்த மெஷினுடையது என்று மாறிவிடாமல் ஒவ்வொரு மெஷினின் ஸ்பிரிங்கையும் தனி நூலில் கோத்து வைப்பது அம்மாவின் யோசனை. பொட்டு வைக்கும் இடம்தான் கொஞ்சம் இழுபறியானது. மூஞ்சியை விட மாட்டேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். கடைசியில், பெயின்ட் அடித்த உச்சந்தலையில் வைக்கலாம் என்று இறங்கி வந்தாள். எலுமிச்சை தரையில், மேஜைக் காலுக்கு முன்னால்.

சனிக்கிழமை நான்கு மெஷினிலும் ஓட்டிய வெள்ளைத் துணித் துண்டுகளை அக்காவும் நானும் கொண்டுபோனோம். பாய் முதல் துண்டை விரித்தார். நீராவி விட்டார். அழுத்தினார். அக்கா மேஜையைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாய் இன்னொரு தடவை நீராவி விட்டு, வெளிச்சத்தில் பிடித்து, அடுத்ததை எடுத்தார். நான்கும் முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அம்மை எறங்கிருச்சு தம்பி."

கியூசி பெண்ணும் பார்த்தார். துண்டுகளை மடித்துத் தன் மேஜையில் வைத்துக்கொண்டார். மீதி கட்டிங்கை அன்றைக்கே வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அது தைத்து முடித்துப் போன பிறகு ஒரு நாள், அடுத்த மாதக் கட்டிங்குக்கு எத்தனை மெஷின் ஓட்ட முடியும் என்று கேட்டு அக்காவுக்குப் போன் வந்தது. அஞ்சும் ஓடுமுங்க என்று அக்கா சொன்னாள். போனை வைத்ததும் கிழட்டு ஓவர்லாக்கைத் துடைக்கச் சொல்லி என்னை விரட்டினாள். சித்திரையைப் பற்றி அப்பா அதற்குப் பிறகு பேச்செடுக்கவில்லை.

கறை எடுக்கப் போனதில் பெரும்பாலானவை தேறி வந்தன. சில, தையல் இடுக்கில் துரு பிடித்துக்கொண்டு வரவே இல்லை. அப்படித் தேறாத பனியனில் ஒன்றை அம்மா ஷெட்டுச் சாவியைத் துடைக்க வைத்திருக்கிறாள். கம்பெனி கணக்கு முடித்துப் பணம் தந்த அன்று, துருவால் ஆன செலவை அக்கா வாய்க்கணக்காகச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஸ்பிரிங்கும் வட்டும் ஆயிரத்து எண்ணூற்று அறுபது. கறை எடுத்த கூலி இரண்டாயிரத்து நானூறு. தேறாத உருப்படிக்குப் பிடித்தது எட்டாயிரத்து நூற்று ஐம்பது.

அப்பா மெஷினைத் துடைத்துக்கொண்டே, "குண்டடம் போய்ட்டு வந்த பஸ் காசு தொண்ணூறு ரூவா இருக்குது அம்மிணி. அதயும் சேத்துக்கோ" என்றார்.

அக்கா சேர்த்தாள். பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.